பொங்கலைக் கஞ்சியாக்கிய பெருக்கல்

உங்களுக்கெல்லாம் பட்டம் இருக்கிறது. எனக்கும் ஒன்று இருக்கிறது. நோட்டன் பிரிட்ஜில் பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறிப் போய், என் பெயரைச் சொல்லி வீடு கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் தெரியாது. கஞ்சி வாத்தியார் வீடு எது என்று கேளுங்கள், பச்சைப் பிள்ளைகூடக் கையைப் பிடித்து வாசலில் கொண்டு வந்து விடும். அந்தப் பட்டத்தை நான் ஒரே ஒரு பெருக்கலில் சம்பாதித்தேன்.

உங்கள் பள்ளிக்கூட அதிபர் என்னைக் கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு. சார்புகள் பற்றிய வசனக் கணக்குகளைப் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்படியாகச் சொல்லிக் கொடுப்பது என்று புதிய ஆசிரியர்களான உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமாம். சொல்லலாம், நாலே படிதான், இரண்டு நிமிடம் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் நீங்கள் கொப்பியில் எழுதிக்கொண்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய், நாளைக் காலையில் வழக்கம்போலக் கரும்பலகையில் சமன்பாட்டைத்தான் முதலில் எழுதுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும், நானும் அப்படி இருந்தவன்தான். ஆகவே அந்த நாலு படியும் எனக்குக் கிடைத்த கதையைச் சொல்கிறேன். கொடுத்தவர் பெயரை மட்டும் கேட்காதீர்கள். பெயரை மேடையில் சொல்லக் கூடாது என்று எனக்கு வீட்டில் உத்தரவு.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தின் வாத்தியார். ஒரே அறை, ஐந்து வகுப்பு, எல்லாவற்றுக்கும் நான் ஒருவன். தராதரப் பத்திரம் இல்லாத ஆசிரியர் என்று என் பெயருக்குப் பின்னால் ஒரு வால் இருந்தது. அந்த வாலை அறுக்க ஒரு பரீட்சை எழுதினேன். மற்றப் பாடமெல்லாம் தேறிவிட்டது, கணக்கில் தோற்றேன். அதுவும் வசனக் கணக்கில். கொஞ்ச நாளில் ஒரு கடிதம் வந்தது: இன்னும் ஒரு தடவை எழுதலாம், அதிலும் தேறாவிட்டால் வேலை இல்லை.

என் வேலை மட்டும் போவதென்றால் பரவாயில்லை. கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு தேயிலை வெட்டப் போயிருப்பேன், என் அப்பா செய்த வேலைதானே. பள்ளிக்கூடம் பூட்டிவிடும், அதுதான் விஷயம். அந்த மலைக்கு வேறு வாத்தியார் ஏறி வர மாட்டார். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் ஒருவர் போய், இரண்டு வருடம் பூட்டுத் தொங்கியது. பள்ளிக்கூடத்தில் உர மூட்டை அடுக்கியிருந்தார்கள். அந்த இரண்டு வருடத்தில் படிப்பை விட்ட பிள்ளைகள் திரும்பி வரவே இல்லை, நேரே கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருத்திதான் பிறகு என் மனைவியானாள். கடிதத்தை வாசித்துச் சொன்னபோது அவள் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள்.

அந்த நிலைமையில் தைப் பொங்கல் வந்தது.

எங்கள் தோட்டத்தில் கோயில் வாசலில் பெரிய அண்டாவில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பொங்கல். பெண்கள்தான் வைப்பார்கள், தண்ணீர் கண்ணளவு. அந்த வருடம் நான் போய் நடுவில் நின்றேன். பரீட்சையில் தோற்ற சேதி எங்கள் வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் போயிருந்தது. எனக்குக் கணக்குத் தெரியும் என்று ஊருக்குக் காட்டியாக வேண்டுமே. வீட்டில் ஒரு கொத்து அரிசிக்கு நாலு கொத்துத் தண்ணீர் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். கொத்து என்பது எங்கள் அரிசி அளவு. அண்டாவில் இருபது கொத்து அரிசி, ஆக எண்பது கொத்துத் தண்ணீர். இதில் என்ன யோசனை வேண்டிக் கிடக்கிறது?

என் மனைவி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கிட்ட வந்து, கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றலாமே என்று மெதுவாகச் சொன்னாள். கணக்குப் பொய் சொல்லாது என்று நான் பத்துப் பேர் கேட்கச் சொன்னேன். எண்பதையும் எண்ணி எண்ணி ஊற்றினேன்.

பொங்கியது, குலவை போட்டார்கள், எல்லாம் முறைப்படி நடந்தது. சர்க்கரையைக் கொட்டிக் கிண்டினார்கள். கிண்டக் கிண்டத் துடுப்பு லேசாகிக்கொண்டே போயிற்று. விறகு தீர்ந்தது, சனங்களுக்குப் பொறுமை தீர்ந்தது, தண்ணீர் மட்டும் தீரவில்லை. கடைசியில் இலை போட்டு ஊற்றினால் அது இலையைத் தாண்டி, பாயைத் தாண்டி, வாய்க்காலைப் பார்த்து ஓடியது. தோட்டத் தலைவர் பெரிய மனுஷர், முகத்தில் சிரிப்பே காட்டாமல் எழுந்து நின்று, எல்லாரும் வீட்டுக்குப் போய்த் தம்ளர் எடுத்து வாருங்கள் என்றார். அந்த வருடப் பொங்கலை நாங்கள் குடித்தோம். தொழிற்சாலைக் காவல்காரத் தாத்தாவுக்கு வாயில் பல் கிடையாது. அவர் ஒருவர்தான் மூன்று தம்ளர் வாங்கிக் குடித்து, வாத்தியார் நல்லாயிருக்கணும் என்று வாழ்த்தினார். சாயங்காலத்துக்குள் எனக்குப் பட்டம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்தேன். மானம் போன வலி இப்போது சிரிப்பாக இருக்கிறது, அன்றைக்கு அப்படி இல்லை. அவள் கிட்ட வந்து உட்கார்ந்து சொன்னாள்:

"ஏங்க, வீட்டுப் பானையில ஊத்துற தண்ணி எல்லாத்தையும் அரிசியா குடிக்குது? ஒரு பங்கு ஆவியாப் போயிருதுல்ல. அரிசி கூடுனா அரிசி குடிக்கிறது கூடும். ஆவியும் கூடுமா? அது பானை வாயைப் பாத்துல்ல போகுது."

பிள்ளைகளே, எனக்கு மண்டையில் யாரோ குட்டினமாதிரி இருந்தது. தண்ணீர் அரிசியை மட்டும் பார்த்து மாறவில்லை. அதில் ஒரு பகுதி அரிசியைப் பார்த்து மாறுகிறது, இன்னொரு பகுதி அரிசியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. நான் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி இருபதால் பெருக்கியிருக்கிறேன். பரீட்சையில் செய்ததும் இதே வேலைதான். எண்ணைக் கண்டால் போதும், பசித்தவன் சோற்றைக் கண்டமாதிரிப் பாய்ந்துவிடுவேன்.

மறுநாளே வீட்டில் அளந்து பார்த்தோம். ஒரே பானை. ஒரு கொத்து அரிசிக்கு நாலு கொத்துத் தண்ணீர் சரியாக இருந்தது. அடுத்த நாள் அதே பானையில் இரண்டு கொத்து அரிசி. எட்டுக் கொத்துத் தண்ணீர் தேவைப்படவில்லை, ஆறரையே போதுமாயிருந்தது. ஆக, கூடுதலாகப் போட்ட ஒரு கொத்து அரிசி குடித்தது இரண்டரை. முதல் நாள் நாலில் அரிசிக்கு இரண்டரை போக, மிச்சம் ஒன்றரை ஆவிக்குப் போனது. அரிசி எவ்வளவானாலும் அந்தப் பானையில் அந்த ஒன்றரை மாறாது. அண்டாவின் வாய்ப் பரப்பு எங்கள் பானை வாயைப்போல நாலு மடங்கு என்று அவள் முறத்தை வைத்துப் பார்த்துச் சொன்னாள், ஆக ஆவிக்கு ஆறு. இருபது கொத்து அரிசி குடிக்க ஐம்பது. மொத்தம் ஐம்பத்தாறு. நான் ஊற்றியது எண்பது. மிச்சம் இருபத்து நாலு கொத்துத் தண்ணீரைத்தான் ஊர் தம்ளரில் பிடித்துக் குடித்திருக்கிறது. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் காலையும் மாலையும் பொங்கல்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களுக்கு என்ன விசேஷம் என்று ஜாடையாகக் கேட்டுப் பார்த்தார்கள்.

அதிலிருந்து என் கணக்குப் புத்தகம் அடுப்படிக்குப் போய்விட்டது. அவள் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, முகம் கழுவி, தேத்தண்ணி ஆற்றும் நேரத்தில் நான் ஒரு கணக்கை வாசிப்பேன். முதல் நாளே அவள் ஒரு நிபந்தனை போட்டாள். எண்ணைச் சொல்லக் கூடாது, கதையை மட்டும் சொல்ல வேண்டும். எண் இல்லாமல் கணக்கு எப்படி என்று கோபித்தேன். உங்களுக்கு எண்ணைப் பார்த்தால் பேய் பிடிக்கிறது, அதனால் மறைத்து வையுங்கள் என்று சொல்லி, ஜாடியிலிருந்து ஒரு பிடி புளியங்கொட்டையை எடுத்துக் கொடுத்தாள். புத்தகத்தில் எண் வருகிற இடத்திலெல்லாம் ஒரு கொட்டையை வைத்துவிட்டு வாசிப்பேன். இன்ன இடத்திலிருந்து ஒருவன் புறப்படுகிறான், இவ்வளவு வேகம், இவ்வளவு நேரம் என்று. முதல் படி இதுதான். சிரிக்காதீர்கள், இன்னும் என் சட்டைப் பையில் கொட்டை இருக்கிறது, இதோ பாருங்கள்.

அடுத்தது அவள் கேள்வி. எந்தக் கணக்கானாலும் ஒரே கேள்விதான் கேட்பாள். இதில் என்ன வேண்டும் என்கிறான், அது எதைப் பார்த்து மாறுகிறது? அந்தக் காலத்தில் சார்பு என்ற சொல் எங்கள் புத்தகத்துக்கு வந்து சேரவில்லை. ஆனால் விஷயம் எங்கள் அடுப்படிக்கு வந்துவிட்டது. இதற்குப் பதில் சொல்லாமல் கொட்டையை எடுக்க விடமாட்டாள். ஒருநாள் ரயில் கணக்கு. ரயில் ஒரே வேகத்தில் ஓடுகிறது, இன்ன தூரத்துக்கு எவ்வளவு நேரம் என்றேன். ஏற்றமா இறக்கமா என்றாள். புத்தகத்தில் அது இல்லை என்றேன். ஹட்டனுக்கு ஏறுகிற ரயில் மூச்சு வாங்குவதைத் தினம் கேட்கிறோமே, ஒரே வேகத்தில் எப்படி ஓடும் என்று விடாமல் பிடித்தாள். எனக்கு ஆத்திரம் வந்து புத்தகத்தை மூடிவிட்டேன். கொட்டைகள் சிதறி அடுப்புக்குள் இரண்டு விழுந்து வெடித்தன. அவள் மிச்சத்தைப் பொறுக்கிக்கொண்டே, சரி, புத்தகக்காரர் சமதரையில் ஓட்டுகிறார் என்று முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு செய்யுங்கள் என்றாள். அன்றிலிருந்து எதை மாறாதது என்று எடுத்துக்கொள்கிறேனோ அதை ஒரு வரியில் எழுதிவிட்டுத்தான் கணக்குக்குள் இறங்குவேன். நீங்களும் எழுதுங்கள். பிள்ளை அப்படிக் கேட்டால் அதட்டாதீர்கள், அது உங்களைவிட நன்றாக யோசிக்கிறது.

மூன்றாவது படியில்தான் கொட்டையை ஒவ்வொன்றாக எடுக்கலாம். எடுக்கும்போது ஒவ்வொரு எண்ணையும் விசாரிக்க வேண்டும். நீ தொடங்கும்போதே இருந்தவனா, ஒவ்வொரு தடவையும் கூடுகிறவனா, குறைகிறவனா, இல்லை சும்மா வேடிக்கை பார்க்க வந்தவனா? அதன் பிறகுதான் சமன்பாடு. நாலாவது படிக்கு அவள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றாள். விடை வந்ததும் இறக்கிவிடாமல், அதைத் திரும்பக் கதைக்குள் போட்டு ஒரு பருக்கையை நசுக்கிப் பார்க்க வேண்டும். எண்பது கொத்து ஊற்றினவனுக்கு இதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பரீட்சை ஹட்டனில். அவள் அன்று காலையில் வேலைக்குப் பெயர் பதிகிற பெரட்டுக்குப் போகவில்லை, பஸ் ஏற்றிவிட நோட்டன் பிரிட்ஜ் வரை இறங்கி வந்தாள். பஸ் கிளம்பும்போது என் சட்டைப் பைக்குள் எதையோ போட்டுப் பொத்தானை மாட்டிவிட்டாள். பதினொரு கொட்டை.

மண்டபத்தில் எங்களுக்கு மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், கறுப்புக் கோட்டும் வெள்ளை வேட்டியும். கணக்குத் தாளில் முன்பாதி நன்றாகப் போனது. கடைசியில் வசனக் கணக்கு, அதற்குத்தான் நிறையப் புள்ளி. வாசித்தேன். ஒரு தண்ணீர்த் தொட்டி, ஆறு எண்கள். பார்த்ததும் பழைய பேய் வந்துவிட்டது. கை தானாகப் பெருக்கத் தொடங்கியது. பாதியில் நிறுத்திவிட்டுப் பொத்தானைக் கழற்றிக் கொட்டைகளை மேசையில் வைத்தேன். மண்டபம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. கோட்டுக்காரர் வந்து நின்றார்.

"இஞ்ச விளையாட வந்தனீரோ, சோதினை எழுத வந்தனீரோ?"

எண்ணை மறைக்கத்தான் ஐயா என்று உளறினேன். அவர் ஒவ்வொரு கொட்டையையும் எடுத்து, ஏதாவது எழுதியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஆனாலும் விதி விதிதான் என்று எல்லாவற்றையும் ஒரு கடித உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஒரு நிமிடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று வந்தேன். வழக்கமான பிடி கையைவிட்டுப் போனால், அந்தப் பிடி எதற்கு இருந்தது என்று யோசியுங்கள். கொட்டை மந்திரமல்ல, மறைப்பதற்கு ஒரு பொருள், அவ்வளவுதானே. இடது கை ஐந்து விரலையும் விரித்து ஐந்து எண்களை மறைத்தேன். வலது கையில் பேனா. ஆறாவது எண் பாக்கி. குனிந்து அதை மூக்கால் மறைத்தேன். அந்தக் கோலத்தில் ஒற்றைக் கண்ணால் கதையை வாசித்தேன். பக்கத்து மேசைக்காரர் எனக்கு வலிப்பு என்று நினைத்து எழுந்தேவிட்டார்.

கதை இவ்வளவுதான். இவ்வளவு கொள்ளும் ஒரு வீட்டுத் தொட்டியில் முதலிலேயே கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது. குழாய் நிமிடத்துக்கு இவ்வளவு ஊற்றுகிறது, ஓட்டை நிமிடத்துக்கு இவ்வளவு ஒழுக விடுகிறது. தொட்டி நிற்கும் மேடை இவ்வளவு உயரம், வீட்டில் இவ்வளவு பேர். தொட்டி எப்போது நிரம்பும்? தண்ணீர் எதைப் பார்த்து மாறுகிறது? நேரத்தைப் பார்த்து. மூக்கை எடுத்தேன், அங்கே வீட்டில் ஏழு பேர் என்று இருந்தது. அந்த ஏழு பேரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். மேடையும் அப்படியே. மிச்ச விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். தொடக்கத்தில் இருந்தது அறுபது கலன், குழாய் ஐந்து, ஓட்டை ஒன்று, ஆக நிமிடத்துக்கு நாலு கூடும். தொட்டி கொள்வது இருநூற்று அறுபது. ஐம்பது நிமிடம். பருக்கையை நசுக்கினேன்: ஐம்பது நாலு இருநூறு, அறுபதோடு இருநூற்று அறுபது. பதம் சரியாக இருந்தது. மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது, எனக்கு எழுந்து ஆடலாம் போலிருந்தது.

வெளியே வரும்போது கோட்டுக்காரர் உறையை நீட்டினார்.

"பதினொண்டு. எண்ணிப் பாரும்."

எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. பதினொன்றையும் இரு கையிலும் ஏந்தி அவரைக் கும்பிட்டேன்.

முடிவு மார்கழியில் வந்தது. தேறிவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு இல்லை. லயமெல்லாம் ஓடிச் சொல்லிவிட்டு வந்தேன். தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் தைக்குத் தண்ணீர் நீங்கள்தான் ஊற்ற வேண்டும் என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், நான் சம்மதித்துவிட்டேன்.

பொங்கலன்று கோயில் வாசலுக்கு ஊர் முழுக்க வந்தது. ஒவ்வொருவர் கையிலும் இலை இருந்தது. மறு கையில் தம்ளரும் இருந்தது. ஒருவர் பாக்கியில்லை, தலைவர் சொம்பே கொண்டு வந்திருந்தார். நான் வாயைத் திறக்காமல் ஐம்பத்தாறு கொத்தை அளந்து ஊற்றினேன். என் மனைவி பக்கத்தில் நின்றாள், துடுப்பு அவள் கையில் இருந்தது. பொங்கி வழிந்து, அடங்கி, கிண்டக் கிண்டத் துடுப்பு கனத்தது. கடைசியில் அவள் கையை விட்டாள். துடுப்பு அண்டாவுக்கு நடுவில் சாயாமல் நின்றது.

அவள் தன் தம்ளரைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு தலைவர் சொம்பைக் கவிழ்த்தார். வாசல் முழுக்கப் பித்தளையும் அலுமினியமும் கவிழ்கிற சத்தம், நடுவில் குலவை. காவல்காரத் தாத்தா மட்டும் நிமிர்த்திய தம்ளரோடு கடைசிவரை உட்கார்ந்திருந்து, போன வருஷப் பொங்கல்தான் நல்ல பொங்கல் என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார். பட்டமும் போகவில்லை. ஒட்டினது ஒட்டினதுதான், எனக்கும் அது பிடித்துவிட்டது.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து அவள் நேரே வந்தாள். கூடையை வாசலில் இறக்கிவிட்டு, முதலாம் வகுப்பு வாங்கில் உட்கார்ந்தாள். என்ன புள்ள என்றேன். அவள் புளியங்கொட்டைப் பையை எடுத்து என் மேசையில் வைத்தாள்.

"எண்ணை மறைக்கச் சொன்னது உங்களுக்குப் பேய் பிடிக்குதுன்னு இல்லீங்க. எண்ணுன்னு வந்தா எழுதிக் காட்டுவீங்க, எனக்கு அதை வாசிக்கத் தெரியாது, அதான் கதையா கேட்டேன். இந்த ரூமுலதான் எனக்கு அது விட்டுப்போச்சு. இப்பக் கொட்டையை எடுத்துட்டு எண்ணைக் காட்டுங்க."

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். அப்புறம் சோக்கை எடுத்து ஒன்று என்று எழுதினேன்.